அக்கா திரும்பி வரும்வரை

வில்வித்தை மைதானத்தில் நான் பாதுகாப்பு அதிகாரி. பேர்தான் பெரிசு, வேலை விசில் ஊதுவது. மூன்று முறை ஊதினால் எல்லோரும் வில்லைத் தாங்கியில் வைத்துவிட்டு, இலக்கில் தைத்த அம்புகளைப் பிடுங்கி வரலாம். கடைசி ஆள் கோட்டுக்குப் பின்னால் வந்து சேரும்வரை யாரும் வில்லைத் தொடக்கூடாது. பதினாறு வருடமாக இதையே கத்திக் கத்தி எனக்கு அலுத்துவிட்டது.

கடைசி ஆள் எப்போதும் என் அக்காதான். சக்கர நாற்காலியில், புல்தரையில் போய்வர ஒன்பது நிமிடம் பிடிக்கும். பலகைப் பாதை கேட்டு இரண்டு வருடமாக நான் கொடுக்கும் மனுக்கள் எல்லாம் கிணற்றில் போட்ட கல். தள்ளிவிடவும் விடமாட்டாள். விபத்துக்குப் பிறகு சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தவள், சனிக்கிழமை காலையில் மட்டும் தானே எழுந்து தலைவாரிக்கொள்கிறாள். அதற்காகவே அந்த ஒன்பது நிமிடமும் எனக்குச் சம்மதம்.

எங்களோடு அம்பு எய்ய வரும் பல் டாக்டருக்குச் சம்மதமில்லை. போன வாரம் அக்கா பாதி வழி திரும்பிக்கொண்டிருக்கும்போதே அம்பைப் பூட்டி நாணை இழுத்தார். நான் போட்ட கூச்சலில்தான் வில்லை இறக்கினார்.

"சும்மா கையைச் சரிபார்த்தேன் சார். இதுக்குப் போய்..."

விதிப்படி ஒரு வருடத் தடை. எழுதிக் கொடுத்தேன். கிளப் செயலாளர் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"டாக்டரை நிறுத்தச் சொல்றீங்களா? அந்தப் புது இலக்கெல்லாம் யார் வாங்கிக் கொடுத்தது? தாமதம்தான் சார் ஆபத்து. அக்கான்னு பார்க்காம யோசிங்க."

"அப்போ அக்காவுக்குத் தனியா ஒரு நேரம் ஒதுக்குங்க."

"தனியா யாரும் எய்யக்கூடாதுன்னு நீங்க எழுதின விதிதானே?"

நான் எழுதியதுதான். அடிபட்டால் தூக்க ஆள் வேண்டுமே என்று எழுதினேன்.

அவரே புது விதியைத் தட்டச்சு செய்து நீட்டினார்: அம்பு எடுக்கப் போகிறவர்கள் மூன்று நிமிடத்தில் திரும்ப வேண்டும். பாதுகாப்பு அதிகாரி கையெழுத்து இல்லாமல் அது செல்லாது. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் கமிட்டி, விசாரணை, மறுபடி மனு. எனக்குத் தெம்பில்லை. போட்டுவிட்டேன்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. அடுத்த சனிக்கிழமை நுழைவாயிலில் ஒட்டியிருந்த புது விதியை அக்கா கீழே கையெழுத்துவரை படித்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

"அக்கா, நான் என்ன பண்றது, அவங்க..."

"அன்னிக்கு நீ கத்தினியே, அப்போ எனக்கு எவ்வளவு தைரியமா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். மடியிலிருந்த வில் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். "டாக்டரால மட்டும்தான் எனக்காகக் காத்திருக்க முடியலைன்னு நினைச்சேன்டா."