கத்தரிக்காய் மேல் போட்ட பழி

என் மகனின் தாடை சிறுத்துப் போனதற்கு, கிரகணத்தன்று நான் கத்தரிக்காய் நறுக்கியதுதான் காரணமாம். சொன்னவர் யார் தெரியுமா? என் கணவர் வளவனின் அக்கா எழில். கீழ்பென்னாத்தூரில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் நடத்தும் டீச்சர். படிக்காதவர் சொன்னால் போகட்டும் என்று விடலாம். இவர் சொன்னால் வயிறு எரியாதா?

மாறன் பிறக்கும்போதே கீழ்த்தாடை உள்வாங்கி இருந்தது. மல்லாத்திப் போட்டால் நாக்கு பின்னால் சரிந்து மூச்சை அடைக்கும். மேலண்ணத்திலும் பிளவு. "குப்புறவே படுக்க வையுங்க. தாடை வளர வளர மூச்சு சரியாயிடும், அண்ணத்தை அப்புறம் தைச்சிடலாம்" என்றார் திருவண்ணாமலை டாக்டர். அழுதுகொண்டிருந்த எனக்குப் படம் வரைந்தும் காட்டினார். கரு இரண்டு மாதமாக இருக்கும்போது கீழ்த்தாடை முன்னால் வளர்கிறது. அதனோடு நாக்கும் கீழே இறங்கி வழிவிடுகிறது. அப்போதுதான் அண்ணத்தின் இரு பக்கங்களும் நடுவில் வந்து ஒட்டும். தாடை வளராவிட்டால் நாக்கு குறுக்கே நிற்கும், அண்ணம் ஒட்டாது. மூன்றாம் மாதத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

கிரகணம் வந்ததோ எனக்கு ஆறாம் மாதம். முடிந்துபோன கதைக்குக் கத்தரிக்காய் என்ன செய்யும்? வளவனிடம் கேட்டேன். அக்காவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லாத மனிதர், "விடு தென்றல்" என்றார். மூன்று மாதம் விட்டேன்.

அடி அண்ணாமலையில் ஒரு சின்ன மண்டபத்தில் பேர் வைக்கும் விழா. எங்கள் வழக்கத்தில் அத்தைதான் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுக் காதில் பேர் சொல்லவேண்டும்.

"அண்ணி, குப்புறப் போடுங்க" என்று காலையிலிருந்து நான்கு முறை சொல்லியிருந்தேன். எழில் மல்லாத்திப் போட்டார்.

"ஜனங்க பாக்குறாங்க. ஒரு நிமிஷந்தானே!"

மாறனுக்கு அழுகை வரவில்லை. நெஞ்சுக்குழி உள்ளே போனது, உதடு நீலம் பாரித்தது. பாய்ந்து எடுத்து முன்கையில் கவிழ்த்தேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வீறிட்டான்.

முன்வரிசையில் எழிலின் மகள் பூஜாவுக்கு மாமியாராக வரப்போகிற ராணியம்மாள் உட்கார்ந்திருந்தார். அவரிடம் திரும்பி எழில் சொன்னார்: "இவ கிரகணத்துல காய் நறுக்கிட்டா. சொன்னா கேட்டாத்தானே?"

எழிலின் கையைப் பிடித்துப் பாத்திர அறைக்கு இழுத்துப் போனேன்.

"அண்ணி, நீங்க நடத்துற பாடந்தானே இது? உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றார், தரையைப் பார்த்து. "பூஜாவுக்கு இப்பத்தான் ஒரு எடம் அமைஞ்சிருக்கு. எங்க வம்சத்துல கோளாறுனு நெனச்சிட்டா? நீ வெளிய இருந்து வந்தவ. உம்மேல போட்டா முடிஞ்சிடும்னு..."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். தெரியாமல் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன். தெரிந்தே சொன்னதை என்ன செய்வது?

"அந்தம்மாகிட்ட நெசத்த சொல்லுங்க. அதுக்கப்புறந்தான் புள்ளைய உங்க கையில குடுப்பேன்."

"கல்யாணம் நின்னுடும் தென்றலு."

"எம்புள்ளைக்கு மூச்சே நின்னிருக்கும்."

வெளியே வந்தோம். எழில் ராணியம்மாளின் எதிரில் போய் நின்றார். "கிரகணம்லாம் இல்லீங்க. தாடை ரெண்டு மாசக் கருவுலயே வளராம நின்னுடுச்சு. அவ ஒண்ணும் பண்ணல."

"அப்ப யாரு தப்பு?" என்றார் ராணியம்மாள்.

"யாரு தப்பும் இல்லீங்க."

ராணியம்மாள் பக்கத்தில் நின்ற பூஜாவை ஒரு பார்வை பார்த்தார். எழிலின் இந்த ஒரு வார்த்தைக்குத்தான் மூன்று மாதம் ஏங்கியிருந்தேன். வந்ததும் மனம் ஆறவில்லை, கோபம்தான் ஜாஸ்தியானது. இவ்வளவு சுலபமா இது? இதைச் சொல்லவா என் பிள்ளை நீலமாக வேண்டியிருந்தது?

மாறனைக் கொடுத்தேன். எழில் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, குனிந்து மூன்று முறை பேர் சொன்னார். அவர் சொல்லி முடிக்கும்வரை நான் அவன் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.