பிரெஞ்சு பேசும் ரீவி

அன்று காலையில் மட்டும் மூன்றாவது தடவையாகக் கிறிஸ்தோப்பர் றிமோட்டைக் கதிரையில் எறிந்தார். நல்ல வெளிச்சமாகப் படம் காட்டிக்கொண்டிருந்த ரீவி, அவர் பார்த்திருக்கவே மெல்ல மெல்ல மங்கி, சட்டியின் அடியைப்போலக் கறுத்து, பிறகு தானாகவே வெளித்தது. ஒருவரும் தொடவில்லை. ஒரு கிழமையாக இதே கூத்துத்தான்.

இங்கத்தை நேரப்படி பின்னேரம் இரண்டரைக்குப் பாரிசில் அவருடைய ஒரே மகள் அனோஜினிக்குக் கலியாணம். மாதா கோயில் பூசையையும் தாலிகட்டையும் இணையத்தில் நேரடியாகக் காட்டுவார்கள். மாப்பிள்ளையைத் தானே தேடி, நாளையும் குறித்துவிட்டுத்தான் அவள் அப்பாவுக்குச் சொன்னாள். அந்தக் கோபத்தில் போனை வைத்தவர் ஏழு மாதமாக மகளோடு ஒரு சொல் பேசவில்லை. பாரிசுக்கு வரச்சொல்லி அவள் அனுப்பிய விசாப் பத்திரங்களையும் கையெழுத்துப் போடாமல் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். இப்போது மிச்சமிருப்பது இந்த ரீவி ஒன்றுதான். அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், சந்தோசமாக இருக்கிறாளா என்று பார்க்கவேண்டும். அதை வாய்விட்டுச் சொல்லுகிற ஆளா அவர்?

"எனக்கென்ன. நீர் பாக்கவேணுமெண்டுதான் நான் இதோட மாரடிக்கிறன்," என்றார் மனைவி ஜெனீற்றாவிடம்.

"ஓம், எனக்குத்தான்," என்றாள் அவள், குசினிக்குள் சமைத்தபடியே.

ரீவியும் மகள் கப்பலில் போட்டு அனுப்பியதுதான். அதற்குள் எழுதியிருப்பதெல்லாம் பிரெஞ்சு. உள்ளறையில் இருந்தவரைக்கும் ஒழுங்காகத்தான் இருந்தது. கலியாணம் பார்க்க மெலிஞ்சிமுனை ஊர்ச் சனமெல்லாம் வரும் என்று வாசலுக்கு நேரே முன்னறைக்கு மாற்றினார்கள், அன்றைக்குப் பிடித்தது சனியன்.

வோல்ற்றேச் என்றார்கள், ஸ்ரெபிலைசர் வாங்கிப் பூட்டினார். வயர் என்றார்கள், மாற்றினார். வேலணையில் ரீவி திருத்துகிற ரஜீபனை மோட்டார் சைக்கிளில் ஏற்றி வந்தார். ரஜீபன் அரை மணித்தியாலம் நோண்டினான். முடிவில் ரீவி பேசத் தொடங்கியது. பொத்தானை அமத்த அமத்த, திரையில் உள்ளதையெல்லாம் ஒரு பெண்குரல் பிரெஞ்சில் ஒப்புவித்தது.

"இங்கிலீசெண்டால் செய்துபோடுவன் அண்ணை. இது எனக்கு ஏலாது," என்று தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ரஜீபன் போய்விட்டான். பழைய வருத்தம் அப்படியே கிடக்க, புதிதாக ஒன்றையும் வைத்துவிட்டுப் போன கெட்டிக்காரன்.

நோயைக் கண்டுபிடித்தது கிறிஸ்தோப்பர்தான். நாற்பது வருடம் கடலில் முகிலைப் பார்த்தே சீவித்த மனுசன் அல்லவா. வெளியே முகில் சூரியனை மறைத்தபோது ரீவி மங்கியது. ஜெனீற்றா வாசலில் வந்து நின்றபோதும் மங்கியது. விலகச் சொன்னார், வெளித்தது. திரும்ப நிற்கச் சொன்னார், மங்கியது.

"இதுக்கு எங்கயோ ஒரு கண் கிடக்கு. அறைக்குள்ள எவ்வளவு வெளிச்சமெண்டு பாத்துப் பாத்துத் தன்னைக் கூட்டிக் குறைக்குது," என்றார்.

கதவையும் யன்னலையும் சாத்தினார். ரீவி ஒரேயடியாக மங்கி அப்படியே நின்றது. திறந்தார். அடுத்த முகில் வந்தது. இந்தச் சேட்டையை நிற்பாட்ட உள்ளே ஒரு இடம் இருக்கத்தான் வேண்டும், ஆனால் எது? றிமோட்டால் செற்றிங்சைத் திறந்து ஒவ்வொரு வரியாகப் போனார். அந்தப் பெண் ஒவ்வொன்றையும் வாசித்துக் காட்டினாள். அவருக்கு ஒரு இழவும் விளங்கவில்லை. ஆத்திரத்தில் கண் கலங்கிவிட்டது.

"பிள்ளையைக் கேட்டால் ஒரு நிமிசத்தில சொல்லுவாள்," என்றாள் ஜெனீற்றா.

"கலியாணப் பொம்பிளையிட்டப் போய் ரீவி திருத்தக் கேக்கிறதோ."

"அப்ப இருட்டுக்க பாருங்கோ."

மணி பதினொன்றாகியிருந்தது. பாரிசில் விடிந்து ஏழரை. இன்னுமொரு முகில் வந்து ரீவியை அணைத்துவிட்டுப் போனது. கிறிஸ்தோப்பர் மனைவியின் போனைப் பறித்து, மகளுக்கு வட்ஸ்அப்பில் வீடியோ அழைப்பு எடுத்தார்.

பாதி பின்னிய தலையோடு, கிளிப்புகள் குத்தியபடி அவள் முகம் வந்தது. தாய் என்று நினைத்து எடுத்தவள், தகப்பனைக் கண்டதும் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தாள்.

"ரீவி மங்குது," என்றார் அவர்.

"காட்டுங்கோ அப்பா."

பின்பக்கக் கமராவுக்கு மாற்றி, போனை ரீவிக்கு நேரே பிடித்தார். அவள் சொல்லச் சொல்ல றிமோட்டை அமத்தினார். "முதல் அந்தக் கதைக்கிறவளை நிப்பாட்டுவம்." குரல் நின்றது. "இப்ப கீழ போங்கோ. இன்னும் கீழ. ஓம், அதுதான். உள்ளுக்குப் போங்கோ." அங்கே யாரோ அவளை அவசரப்படுத்தினார்கள். "கொஞ்சம் பொறுங்கோ, அப்பா கதைக்கிறார்," என்று அவர்களிடம் சொன்னாள். "கடைசி வரி, அப்பா. அமத்துங்கோ."

ரீவி பளிச்சென்று வெளித்தது. ஜெனீற்றா வாசலில் போய் நின்று பார்த்தாள், மங்கவில்லை. விலகிப் பார்த்தாள், அப்படியே இருந்தது. ஒரு கிழமைத் தலையிடி நாலு நிமிடத்தில் தீர்ந்தது.

கிறிஸ்தோப்பர் றிமோட்டைப் பிடித்தபடி நின்றார். சரி பிள்ளை என்று சொன்னால் அவள் போனை வைத்துவிடுவாள். ஏழு மாதமாக நெஞ்சுக்குள் கிடந்ததில் ஒரு சொல்லும் வாய்க்கு வரமாட்டேன் என்றது.

"இன்னும் கொஞ்சம் இருட்டாத்தான் கிடக்கு, பிள்ளை," என்றார்.

ஜெனீற்றா அவரைத் திரும்பிப் பார்த்தாள். கமரா இன்னமும் ரீவிக்கு நேரேதான் இருந்தது. அதன் வெளிச்சம் பாரிசிலும் தெரிந்திருக்கும்.

அங்கே யாரோ திரும்பவும் அவளைக் கூப்பிட்டார்கள்.

"ஓம் அப்பா, இருட்டுத்தான்," என்றாள் அனோஜினி. "முதல்ல இருந்து ஒருக்கா வருவம். மேல போங்கோ."