ஆறடி மானுக்கு ஒரு கேமரா

1

இந்தக் கதை ஒரு செய்திமடல் குறிப்பிலிருந்து பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எங்கள் ஊர் வேட்டைச் சங்கத்தின் செய்திமடலுக்கு, மான் நடமாட்டம் பார்க்க மரத்தில் கட்டிவைக்கும், ஏதாவது அசைந்தால் தானே படம் எடுக்கும் டிரெயில் கேமராவில் எதை வாங்கலாம் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் உள்ள இந்த ஊரில் இருபத்து மூன்று வருடமாக இரும்புச் சாமான் கடையில் நிற்கிறேன். அதில் பத்து வருடமாக வேட்டைச் சாமான் பிரிவு என் பொறுப்பு. கேமராவைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் சுற்றுவட்டாரத்தில் இல்லை. இந்த விஷயத்தில் எனக்கு அடக்கம் கிடையாது.

எழுதினேன்:

"கேமராவை வடக்குப் பார்த்துக் கட்டுங்கள். கிழக்குப் பார்த்துக் கட்டினால் காலை வெயிலில் பாதிப் படங்கள் வெளுத்துப் போய்விடும். எதிரே இருக்கும் புல்லையும் சின்னக் கிளைகளையும் வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் காற்றடிக்கும் போதெல்லாம் படம் எடுத்துப் பேட்டரியைத் தின்றுவிடும். குளிருக்கு லித்தியம் பேட்டரிதான் தாங்கும். கட்டும் உயரம் இடுப்பளவு, ஏனென்றால் மானின்—"

இங்கே நின்றுவிட்டேன். இடுப்பளவு என்று எழுதியதும் என்னிடம் கேமரா வாங்கிய ஆர்டிஸ் ஹேகன் நினைவில் வந்து முன்னால் நின்றுவிட்டாள். செய்திமடலுக்கான பக்கத்தை வேறொரு நாள் முடித்துக் கொடுத்தேன். மிச்சத்தைத் தமிழில் எழுதுகிறேன். இந்த ஊரில் இதை வாசிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை என்பது பெரிய வசதி.

2

முதல் தொடக்கம்: "மேப்பிள் மரங்கள் இலை உதிர்த்துக்கொண்டிருந்த ஒரு—" வேண்டாம். இலைகள் எல்லோருடைய கதையிலும் உதிர்கின்றன.

இரண்டாவது: "வெண்டல் ஹேகன் ஒரு பொய்யன்." இது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு நாள் வைத்திருந்தேன். பிறகு அடித்துவிட்டேன். காரணம் நான்காம் பகுதியில் தெரியும்.

ஆகவே நடந்ததையே சொல்கிறேன். வெண்டல், ஆர்டிஸின் கணவன். அறுபத்தெட்டு வயது. இருவரும் நாற்பத்தொரு வருடம் பால் பண்ணை நடத்திவிட்டு மாடுகளை விற்றவர்கள். போன வருட வேட்டைப் பருவத்தின் இரண்டாம் நாள், தன் நிலத்து ஓக் மரத்தில் கட்டியிருந்த பரணிலிருந்து வெண்டல் விழுந்தான். பதினைந்து அடி. நான்கு மணி நேரம் பனியில் கிடந்திருக்கிறான். தேடிப் போய்க் கண்டுபிடித்தவள் ஆர்டிஸ். முதுகெலும்பில் இரண்டு இடத்தில் முறிவு. எட்டு மாதம் ஆயிற்று எழுந்து நடக்க.

இந்த வருடம் மருத்துவர், "எல்லாம் கூடிவிட்டது, இனி உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டார். ஆர்டிஸ் சொல்லவில்லை. பரண் ஏறக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

நவம்பர் முதல் வாரம் கடைக்கு வந்தாள்.

"கேமரா ஒண்ணு குடுப்பா. வெளிச்சம் அடிக்கக் கூடாது, சத்தம் வரக் கூடாது. படம் நேரா என் போனுக்கு வரணும்."

"அப்ப சிவப்பு வெளிச்சம்கூடத் தெரியாத ரகம்தான் சரி. மரத்துல இடுப்பு உயரத்துல கட்டுங்க. மான் அந்த உயரம்தான்."

"நான் பாக்கற மான் ஆறடி ரெண்டங்குலம்."

"அவ்வளவு பெரிய மானா?"

"வேட்டைக்காரங்க ஆரஞ்சு கோட்டு போட்டிருக்கும். பொண்டாட்டிகிட்ட சத்தியம் பண்ணியிருக்கும்."

(இங்கே எல்லோரும் எல்லோரையும் ஒரே சொல்லால்தான் விளிக்கிறார்கள். 'நீ', 'நீங்க' என்று பிரித்துக் கொடுப்பது நான். அவள் அம்மா வயதுக்காரி. எனக்கு 'நீங்க'தான் வருகிறது.)

விற்றிருக்கக் கூடாதோ என்று இப்போது சிலர் கேட்கலாம். விற்றேன். போனில் செயலியையும் நானே ஏற்றிக் கொடுத்தேன்.

3

வெண்டலும் கடைக்கு வருவான். காபி இலவசம் என்பதால் காலை ஒன்பது மணிக்கு நாலைந்து பேர் கூடுவார்கள். அதில் டெல்மர் என்பவனின் நிலம் ஹேகன் நிலத்துக்கு அடுத்தது.

"என்னடா, பரண சரி பண்ணிட்டியா?" என்றான் டெல்மர்.

"எங்க? அவதான் விடமாட்டேங்கறாளே."

"கல்யாணம் ஆன நாள்லருந்து அவ பேச்ச நீ ஒரு நாள் கேட்டதில்ல. இப்ப என்ன புதுசா?"

"கேக்கலன்னா சோறு கெடைக்காது. உனக்கென்ன, உங்க வீட்ல எப்படியும் கெடைக்கறதில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மட்டும் வெண்டலைப் பார்த்தேன். இவன் திருட்டுத்தனமாக ஏறப்போகிறான், கேமரா காட்டிக் கொடுக்கப்போகிறது என்று நினைத்தேன். இரண்டாவது தொடக்கம் அப்போது மனதில் எழுதியதுதான்.

4

பரணுக்கு எதிரே கேமராவைக் கட்டி ஆறு நாள் கழித்து ஆர்டிஸ் வந்தாள். போனை நீட்டினாள்.

முதல் நாள், காலை ஏழு பத்து. வெண்டல் வருகிறான். பரண் ஏணியில் கை வைக்கிறான். அடுத்த படம், ஏழு பதினொன்று: ஒரு கால் முதல் படியில். அடுத்தது, ஏழு பதினான்கு: இரண்டு கால்களும் இரண்டாவது படியில், இரண்டு கைகளும் ஏணியைக் கட்டிப்பிடித்திருக்கின்றன, நெற்றி கம்பியில் முட்டியிருக்கிறது. ஏழு இருபது: தரையில் நிற்கிறான், முதுகு நமக்கு.

இரண்டாம் நாளும் இதேதான். மூன்றாம் நாளும். ஆறு நாளில் ஒரு நாள்கூட மூன்றாவது படியை அவன் தொடவில்லை.

"ஒரு வாரமா இவனத் திட்டறதுக்கு வார்த்த சேத்து வெச்சிருந்தேன்," என்றாள் ஆர்டிஸ். "இப்ப அதெல்லாம் எங்க கொண்டுபோய்க் கொட்டறது?"

"நேரா சொல்லிடுங்களேன்."

"என்னன்னு? நீ நடுங்கறத ஒளிஞ்சிருந்து பாத்தேன்னா? அவன் எந்தக் காளைக்கும் ஒதுங்கி நின்னதில்லப்பா." போனைத் திரும்ப வாங்கிக்கொண்டு சொன்னாள்: "ஊருக்கு முன்னாடி என் பேரச் சொல்லித் தப்பிச்சுக்கறான். சொல்லிட்டுப் போகட்டும். அது ஒண்ணுதான் அவன்கிட்ட மிச்சம்."

அப்புறம் விரலால் இன்னொரு படத்தைத் தள்ளினாள். நான் அசந்துபோனேன். ஏழு நாற்பத்திரண்டு. ஏணியின் அடியில் ஒரு கலைமான், வெண்டல் கை வைத்த இடத்தை மோந்து பார்த்துக்கொண்டு. கொம்பில் பத்துக் கிளைகள். நான்கு நாள் வந்திருக்கிறது, ஐந்து நிமிடம் முன்பின்னாக. வெண்டல் தோற்றுப்போய் வீட்டுக்குத் திரும்பிய பிறகு.

வாழ்நாள் முழுக்க அவன் காத்திருந்த மான் அது. அதை அவனிடம் சொன்னால் கேமராவைச் சொல்ல வேண்டும். கேமராவைச் சொன்னால் ஏணியையும் சொல்ல வேண்டும்.

5

ஆர்டிஸ் அன்றைக்கே தன் பெயரில் வேட்டை உரிமம் வாங்கினாள். கல்யாணத்துக்குப் பிறகு துப்பாக்கி தொடாதவள்.

மறுநாள் வெண்டல் ஒட்டுப்பலகை வாங்க வந்தான்.

"அவளுக்கு இந்த வருஷம் வேட்டைக்கு வரணுமாம். முட்டி வலி, ஏணி ஆகாதாம். ஒளிஞ்சு உக்காந்து சுடறதுக்குத் தரையில பொட்டி அடிச்சுக் குடுன்னு உயிர எடுக்கறா."

"பாட்டிமாருக்குப் பொட்டி!" என்றான் டெல்மர்.

"தனியா உக்காந்தா மான்கிட்டயே பேச ஆரம்பிச்சுடுவா. நானும் கூட உக்காரணும். என் தலையெழுத்து."

அப்படிச் சொல்லும்போது அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

(மேலே உள்ள வரி பொய். அவன் எனக்கு முதுகைக் காட்டிப் பலகையை அளந்துகொண்டிருந்தான். முகத்தை நான் பார்க்கவே இல்லை. ஆனால் ஒருமுறைக்கு மூன்று முறை அளந்தான்.)

6

பருவம் தொடங்கிய சனிக்கிழமை காலை. இதை ஆர்டிஸ் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெட்டிக்குள் இரண்டு மடக்கு நாற்காலிகள், ஒரு பிளாஸ்க் காபி, மான்கறி சாசேஜ் வைத்த ரொட்டி. ஓக் மரம் நேரெதிரே. ஏழரைக்கு மேல் அவளால் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"யாராவது வரேன்னு சொல்லியிருக்காங்களா?" என்று கிசுகிசுத்தான் வெண்டல்.

"சும்மா இரு."

ஏழு நாற்பத்தொன்றுக்கு அது வந்தது. வெண்டல் மூச்சை நிறுத்தினான். துப்பாக்கியை அவள் பக்கம் நகர்த்தினான்.

"நீ சுடு."

"இது உன் மான்யா."

"என் மானா? நான் இதப் பாத்ததே இல்ல." துப்பாக்கியைத் திரும்ப எடுத்துத் தன் மடியில் வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "இது இந்த நேரத்துக்கு இங்க வரும்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ஆர்டிஸ் இதுவரைதான் சொன்னாள். "அப்புறம்?" என்றேன். "அப்புறம் பேசினோம்" என்றாள். அவ்வளவுதான்.

அன்று ஹேகன் நிலத்திலிருந்து ஒரு குண்டும் வெடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெண்டல் தரையிலிருந்தே கயிறு வீசி இழுத்துப் பரணைச் சாய்த்துப் பிரித்தான். கயிற்றை ஆர்டிஸும் பிடித்து இழுத்தாளா என்று எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை டெல்மர் வண்டியின் பின்னால் அந்தப் பத்துக் கிளைக் கொம்பனைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் நிறுத்தினான்.

"உன் வேலியத் தாண்டி வந்தான், வெண்டல். ஏன்டா பரணப் பிரிச்சுட்ட? அவ பிரிக்கச் சொன்னாளா?"

"இல்ல," என்றான் வெண்டல். "எனக்குப் பயமா இருக்கு. ரெண்டு படிக்கு மேல கால் வரமாட்டேங்குது."

டெல்மர் வண்டியின் பின்கதவைச் சாத்தினான். தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டான்.

"அந்தப் பொட்டி," என்றான் கடைசியில், "எத்தன அடிக்கு எத்தன அடி?"

7

ஏழு நாற்பத்தொன்றுக்குப் பிறகு அந்தப் பெட்டிக்குள் ஆர்டிஸ் என்ன சொன்னாள்?

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிடுகிறாள். இன்னொன்றில் "கனவு கண்டேன்" என்று பொய் சொல்கிறாள். அவன் நம்புவதுபோல நடிக்கிறான். மூன்றாவதில் வாயே திறக்காமல் போனை அவன் கையில் வைக்கிறாள். மூன்றுமே நன்றாக வந்திருந்தன. எனக்கு எழுத வரும். மூன்றையும் கிழித்துப் போட்டுவிட்டேன், ஏனென்றால் மூன்றிலும் பேசியது நான்.

ஆகவே அந்த இடத்தை வெற்றாக விடுகிறேன். உங்கள் வீட்டில் ஒருவருடைய பயத்தை அவருக்குத் தெரியாமல் நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் பக்கத்து நாற்காலியிலிருந்து திரும்பி, எப்படித் தெரியும் என்று கேட்கிறார். மான் இன்னும் போகவில்லை. நீங்கள் வாயைத் திறந்தால் போய்விடும்.

என்ன சொல்வீர்களோ, அதுதான் ஆர்டிஸ் சொன்னது.