காப்பு அறுக்காத கொடை

போரின் இரண்டாம் ஆண்டில் சங்கன்விளை லிங்கராஜ் வடக்கு எல்லையில் பீரங்கிக் குண்டுகளை வெறுங்கையால் பிடித்துக்கொண்டிருந்தான். வயது பதினேழு. வருகிற குண்டை நெஞ்சோடு அணைத்து வாங்கி, வெடிக்கவிடாமல் தரையில் அடுக்குவான். ஊர்க்காரர்களுக்கு இதில் பெரிய வியப்பு இல்லை. அவன் அம்மா சண்முகவடிவின் பலசரக்குக் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் தூத்துக்குடி வேன் ஒருநாளும் நின்றது கிடையாது. அடுத்த ஊருக்கு நேரமாகிவிட்டது என்று வேகத்தை மட்டும் குறைப்பார்கள். பின்னால் நிற்கும் ஆள் சோப்புப் பெட்டியையும் பருப்பு மூட்டையையும் வீசிவிட்டுப் போவான். புருஷன் செத்த பிறகு சண்முகவடிவு இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு அவற்றை ஒற்றைக் கையால் பிடித்தாள். பிள்ளை வளர்ந்ததும் அவன் பிடித்தான். அதைப் பார்த்த யாரோ ஊருக்கு வெளியே சொல்லிவிட்டார்கள், அவ்வளவுதான்.

இருபது வயதுக்குக் கீழே இப்படிப்பட்ட திறமையுள்ள எல்லோரையும் அரசு பட்டாளத்துக்கு எடுத்தது. இருபது பிறந்தால் திறமை போய்விடும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். லிங்கராஜோடு பழையகாயல் ஜெயபிரியாவும் திரேஸ்புரம் கிங்ஸ்டனும் போனார்கள். ஜெயபிரியா நாள் முழுக்க மூச்சில்லாமல் தண்ணீருக்கடியில் இருப்பாள். கிங்ஸ்டனுக்கு மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரியும். இருவரும் பெட்டியில் திரும்பினார்கள். ஜெயபிரியாவின் பெட்டியிலிருந்து வடிந்த தண்ணீர் அடக்கம் முடிந்த பிறகும் நிற்கவில்லை. அந்த இடத்தில் இப்போது ஒரு ஊற்று இருக்கிறது, மாடுகள் குடிக்கின்றன.

லிங்கராஜ் பத்திரகாளியம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு லீவில் வந்தான். மதியம் சாப்பிட்டுத் தூங்கும்போதும் அவன் கைகள் இரண்டும் மேலே நீட்டியபடியே இருந்தன. சண்முகவடிவு அவற்றை இழுத்து மடக்கினாள், மறுபடி நீண்டன. பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டுக் கோயில் தர்மகர்த்தா பொன்னுதுரை அண்ணாச்சியைப் பார்க்கப் போனாள்.

"அண்ணாச்சி, இந்தக் கொடைக்கு எம்பிள்ளைக்கும் காப்பு கட்டணும்."

கையில் காப்புக் கயிறு கட்டியவர் ஊர் எல்லைக் கல்லைத் தாண்டக் கூடாது. கொடை கழிந்து எட்டாம் பூசையில் காப்பை அறுத்த பிறகுதான் தாண்டலாம். அண்ணாச்சி தலையைச் சொறிந்தார்.

"அவன் லீவு முடிஞ்சு போகணும்லா?"

"அதுக்குத்தான் கட்டச் சொல்லுதேன்."

இப்படிப்பட்ட பிள்ளைகளை ரயிலேற்றி அனுப்பும் வழக்கம் பட்டாளத்தில் இல்லை. அதிகாரியே வந்து கூட்டிப்போவார். காப்புக் கட்டும் அன்று கேப்டன் முத்துச்செல்வம் ஜீப்பில் வந்து இறங்கினார். அவர் ஆழ்வார்திருநகரிப் பக்கம் வயல்காட்டுக் குடும்பத்தில் பிறந்தவர். மேளச் சத்தம் கேட்டதும் பூட்ஸைக் கழற்றிவிட்டு வரிசையில் போய் நின்றார். பூசாரி தட்டோடு வந்தார். லிங்கராஜ் கையை நீட்டினான். அடுத்து நின்ற கேப்டனின் வலது கையும் தானாக நீண்டது. பூசாரி தட்டோடு முன்னால் வந்து நின்றால் கையை நீட்டாமலிருக்க எந்த ராணுவக் கல்லூரியும் அவருக்குச் சொல்லித்தரவில்லை. முடிச்சு விழுந்த பிறகுதான் விழித்துக்கொண்டார்.

"என்ன அண்ணாச்சி, எனக்கும் கட்டிட்டாரு?"

"நீங்கதான சார் கைய நீட்டுனீங்க."

கடமை கடமைதான் என்று கேப்டன் பையனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். எல்லைக் கல் கண்ணுக்கெதிரே இருந்தது. ஜீப் எவ்வளவு ஓடியும் கல் அதே தூரத்தில்தான் இருந்தது. டீசல் தீர்ந்ததும் இறங்கித் திரும்பி நடந்தார்கள். கோயில் பக்கத்திலேயே இருந்தது. படைப்புச் சோறு இன்னும் ஆறவில்லை.

போர் முடிந்தால்தான் எட்டாம் பூசை என்று பொன்னுதுரை அண்ணாச்சி அம்மன் முன்னால் நின்று சொல்லிவிட்டார். காப்புக் கட்டியிருந்த மற்றவர்கள் முனகினார்கள், ஆனால் யாரும் கயிற்றை அவிழ்க்கவில்லை. ஒருவருடைய மகளுக்குச் சிவகாசியில் நடக்கவேண்டிய கல்யாணத்தை எல்லைக் கல்லுக்கு இந்தப் பக்கம் பந்தல் போட்டு முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் சாப்பாட்டைக் குறை சொன்னார்கள், கல்லைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அந்த வாரமே வடக்கிலிருந்து முதல் குண்டு வந்தது. அது அவன் கைக்குப் பழகியிருந்தது. வடக்கு எல்லையில் அவனைத் தேடிப்பார்த்துவிட்டு, மதுரைக்கு மேலாகப் பறந்து, பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைத் தாண்டியதும் தாழ்ந்து வந்தது. லிங்கராஜ் கடை மொட்டைமாடியில் நின்று அதை வாங்கி வைத்தான். பிறகு தினமும் மதியம் வந்தன. உப்பு மூட்டை அடுக்கும் கிட்டங்கி ஒன்றைக் காலி செய்து அடுக்கினார்கள். கேப்டன் மேலிடத்துக்குப் போன் போட்டார். எல்லையில் ஒன்றுகூட விழவில்லை, பையன் அங்கேயே இருக்கட்டும் என்று பதில் வந்தது.

பிள்ளையைப் போருக்கு அனுப்பாமல் கட்டிவைத்தவளைத் தேடிப் போரே வந்துவிட்டது. லிங்கராஜுக்கு இருபது நெருங்க நெருங்கச் சண்முகவடிவுக்குச் சோறு இறங்கவில்லை. இருபது பிறக்கும் அன்று மதியமும் குண்டு வருமே, யார் பிடிப்பது? பிள்ளையை எங்காவது அனுப்பிவிடலாம் என்றால் அவள் கட்டச் சொன்ன கயிறு கையில் கிடக்கிறது.

"அறுத்து விடுங்க அண்ணாச்சி," என்று போய் அழுதாள்.

"அம்மனுக்குச் சொன்ன சொல்ல நான் எப்படி மாத்துவேன், தாயி?"

பிறந்தநாள் காலையில் வேனிலிருந்து வீசிய சோப்புப் பெட்டி லிங்கராஜின் கையிலிருந்து நழுவித் தெருவில் உடைந்தது. அவன் குனிந்து பொறுக்கினான். மதியம் பழக்கதோஷத்தில் மாடியேறிக் கையை நீட்டி நின்றான். பனைகளுக்கு மேலே குண்டு தெரிந்தது.

"ஏலே, கீழ எறங்கு," என்றாள் சண்முகவடிவு. "கல்லாவுல ஆள் இல்ல."

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் நின்ற இடத்தில் நின்றாள். வந்ததை ஒற்றைக் கையால் வாங்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். டாக்டர்கள் பிள்ளைகளை மட்டும்தான் சோதித்திருந்தார்கள், பெற்றவர்களைக் கூப்பிட்டுப் பார்க்கவில்லை. நாற்பத்தைந்து வயதுக்காரியைப் பட்டாளத்தில் சேர்க்கச் சட்டத்தில் இடமில்லை என்று கேப்டன் சொன்னார். அவளும் கேட்கவில்லை.

போர் இன்னும் முடியவில்லை. கேப்டன் கிட்டங்கியிலேயே தங்கியிருக்கிறார், கயிறு நைந்துவிட்டது, முடிச்சு அப்படியே இருக்கிறது. மதியம் கடைக்குப் போனால் லிங்கராஜ்தான் பருப்பு நிறுத்துக் கொடுக்கிறான். நல்லெண்ணெய் எங்கே இருக்கிறது என்று அவனுக்கு இன்னும் தெரியாது.

"கொஞ்சம் நில்லுங்க," என்பான். "அம்மை மாடிக்குப் போயிருக்கா, இப்ப வந்துருவா."