பவளத்துக்கு வந்த சம்பந்தம்

பராசக்தி தொலைபேசியில் கதைத்தால் அச்சுவேலியில் அரைவாசிப் பேருக்காவது கேட்கும். வட்டுக்கோட்டைத் தேவராஜாவோடு அவள் அன்று கதைத்ததும் அப்படித்தான்.

"ஓம் அண்ணை, எங்கடை பெட்டைக்கும் வயசு சரி. உங்கடை பெடியன்ரை குறிப்பை அனுப்பிவிடுங்கோ. பொருந்தினால் மேற்கொண்டு கதைப்பம்."

பெட்டை என்றது, அவள் வளர்க்கும் அல்சேஷன் பவளத்தை. பெடியன் என்றது தேவராஜாவின் சீசரை. குறிப்பு என்றது, அதன் தாய் தகப்பன், பாட்டன் பூட்டன் எல்லாரையும் சொல்லும் வம்சப் பத்திரத்தை. நாய்களைப் பற்றி அவள் கதைக்கும் விதமே அதுதான். பக்கத்து வளவுக்குப் புதிதாகக் குடிவந்து, மதிலோரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்ற நேசமலருக்கு அது எங்கே தெரியும்? பராசக்திக்குக் கலியாண வயதில் தர்சிகா என்றொரு மகள் இருப்பது மட்டும் தெரியும். அது போதாதா!

வீட்டில் பிறக்கும் குட்டிகளைக் கொடுப்பதில் பராசக்தி பெரிய பிடிவாதக்காரி. வீட்டைப் போய்ப் பார்க்காமல் கொடுக்கமாட்டாள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டிவைப்பார்கள் என்று தெரிந்தால் வாசலோடு திரும்பிவிடுவாள். வெளிநாட்டில் இருந்துகொண்டு, ஆளில்லாத வீட்டைக் காக்க நாய் கேட்ட ஒருவரிடம், "அதுக்கு நல்ல பூட்டா வாங்கிப் போடுங்கோ" என்று சொல்லிவிட்டாள். கொடுத்த குட்டி ஒரு வீட்டுக்கு ஒத்துவராவிட்டால் தானே போய்க் கூட்டிக்கொண்டு வருவாள்.

அவள் முதன்முதலாக வளர்த்த ராணியின் வழியில் அவளிடம் மிஞ்சியது பவளம் ஒன்றுதான். அதன் வயிற்றில் ஒரு பெட்டைக்குட்டி பிறந்து வீட்டில் ஓடித்திரிவதைக் காண வேண்டும் என்பது பராசக்தியின் பெரிய ஆசை.

ஆனாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே. அல்சேஷன்களுக்கு இடுப்பு மூட்டுக் குறை வம்சவழியாக வருவதுண்டு என்பதால், சீசரின் இடுப்பை எக்ஸ்ரே எடுக்கச் சொன்னாள். தேவராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ரை பெடியனைச் சந்தேகப்படுறியளோ, தங்கச்சி? கப்பல் மாதிரி நிக்கிறான்!"

"சந்தேகமில்லை அண்ணை. பெட்டைக்கும் எடுக்கத்தான் போறன்."

"உங்கடை பெட்டையிலை எனக்கு நம்பிக்கை. எனக்கொண்டும் காட்டத் தேவையில்லை" என்று முணுமுணுத்தபடி அவர் எக்ஸ்ரே படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். சீசரின் இடுப்பில் ஒரு குறையும் இல்லை.

பவளத்தின் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த மிருக வைத்தியர்தான் உதட்டைப் பிதுக்கினார். இடது இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தவில்லை. உடம்பு வைக்காமல் பார்த்துக்கொண்டால் பவளம் சுகமாக இருக்கும் என்றார்.

"குட்டியளுக்கும் வருமோ, டொக்டர்?"

"வரலாம்."

ஆட்டோவில் திரும்பும்போது பவளம் தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தது. பராசக்தி அழுதுகொண்டு வந்தாள். படத்தைக் கிழித்தெறிந்தால் யாருக்குத் தெரியும்? தேவராஜா கேட்கவே மாட்டார். அந்த நினைப்பு ஆவரங்கால் சந்தி வரைக்கும் அவளோடு வந்தது. பிறகு, பின்னங்காலை இழுத்து இழுத்து நடக்கும் ஒரு குட்டி மனதில் வந்து நின்றது. தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாகிவிட்டது.

வீட்டுப் படலையைத் திறந்தபடியே தேவராஜாவை அழைத்தாள்.

"அண்ணை, இந்தச் சம்பந்தம் சரிவராது. குறை எங்கடை பெட்டையிலைதான். இடுப்பிலை. பிள்ளையளுக்கும் வந்திடும். உங்கடை பெடியனுக்கு வேறை நல்ல இடமாப் பாருங்கோ."

தேவராஜாவின் குரல் இளகி வந்தது. "நீங்கள் சொல்லாட்டி எனக்குத் தெரிஞ்சிராது, தங்கச்சி. சீசருக்கு எங்கை குட்டி பிறந்தாலும் முதல் பெட்டைக்குட்டி உங்களுக்குத்தான்."

ராணியின் வழி இல்லையே என்று பராசக்தி நினைத்தாள். ஆனாலும் நெஞ்சுப் பாரம் இறங்கிவிட்டது.

பின்னேரம் நேசமலர் எண்ணெய்ப் போத்தலும் கையுமாக வந்தாள். வங்கியில் வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த தர்சிகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பிள்ளை, மனசை விட்டிடாதையம்மா. இடுப்புக்கு இந்த எண்ணெய் கைகண்டது. உந்த வட்டுக்கோட்டை மாப்பிள்ளை போனால் போறான்!" பராசக்தியின் பக்கம் திரும்பி ஒரு வெட்டு வெட்டினாள். "பெத்த தாய் இப்பிடியே, ரோட்டுக்குக் கேக்கப் பெட்டையிலை குறை சொல்லுறது?"

தர்சிகா விழித்தாள். விஷயம் பிடிபட்டதும் சிரிக்கத் தொடங்கியவள், படியிலேயே குந்திவிட்டாள். பவளத்தை முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தி, "இதுதான் அந்தப் பெட்டை" என்று பராசக்தி சொன்னபோது நேசமலரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"அப்ப இவளுக்கு இனிக் கலியாணமே இல்லையோ?"

"இல்லை. இவள் எங்களோடையே இருப்பாள்."

"கொண்டு வந்ததைத் திருப்பிக்கொண்டு போறதோ?" என்று நேசமலர் நிலத்தில் குந்தி, பவளத்தின் இடுப்பில் எண்ணெயைத் தேய்க்கத் தொடங்கினாள். பவளம் சுகமாகச் சரிந்து படுத்தது.

"அம்மா, எனக்கு மாப்பிள்ளை பாக்கேக்கையும் குறையெல்லாம் முதலே சொல்லிப்போடுங்கோ" என்றாள் தர்சிகா.

"சொன்னால் ஒருத்தனும் வரான்."

"வராட்டில் நல்லது. நானும் பவளமும் இங்கையே கிடப்பம்."

பராசக்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகளுக்குப் பக்கத்தில் படியில் குந்தி, பவளத்தின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.