இடது காலைக் காலி செய்தல்

பொறுமை கிலோ என்ன விலை என்று கேட்கிற ரகம் நான். இருபத்தாறு வருடமாகப் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்டர். வரிசையில் நிற்பவர் ஊர்ப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டிக்கெட் அவர் கையில் இருக்கும். அப்படிப்பட்டவளை, கை காலை மெதுவாக அசைக்கிற ‘தாய் சி’ என்ற சீனப் பயிற்சி வகுப்பில் கொண்டுபோய் நிறுத்தியது என் முதுகு.

வீட்டுக்காரர் லிப்ட் மெக்கானிக். பக்கவாதம் வந்து ஒன்றரை வருடமாக இடது கை காலில் பலமில்லை. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு அவரை நான்தான் மாற்ற வேண்டும். பழக்கத்தில் இடது காலை ஊன்றிவிடுவார், அது மடங்கும், நான் இழுப்பேன். இரண்டு முறை இருவருமாகத் தரையில் கிடந்தோம்.

இரண்டாவது முறை மகள் வந்துதான் தூக்கினாள். "அம்மா, இன்னொரு தடவ ரெண்டு பேரும் விழுந்தீங்கன்னா அப்பாவ ஹோம்ல சேர்த்துடுவேன். உன் இடுப்பும் போச்சுன்னா நான் யாரப் பார்க்கிறது?" கோபத்தில் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயம் வந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வகுப்பு நூலகத்துக்குப் பின்னால், ஞாயிற்றுக்கிழமை காலையில். சொல்லிக்கொடுப்பவள் ஒரு மருந்துக்கடைக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள். அவள் ஒரு கையை உயர்த்துவதற்குள் நான் ஒரு பேருந்தையே நிரப்பி அனுப்பியிருப்பேன். மனதுக்குள் ஆமை என்று பெயர் வைத்தேன்.

"எதுக்காக வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

"முதுகு வலி."

"அது காரணம்க்கா. எதுக்காகன்னு மெதுவா யோசிங்க."

எனக்கு எரிச்சலாக வந்தது. அடுத்து, "இடது காலக் காலி பண்ணுங்க" என்றாள். நான் சட்டென்று காலைத் தூக்கி, பக்கத்தில் நின்ற தபால்காரர் மேல் சாய்ந்தேன்.

"தூக்கக் கூடாதுக்கா. கால் தரையிலயே இருக்கட்டும். பாரத்த மட்டும் வலது பக்கம் அனுப்புங்க."

"எங்க வீட்டுக்காரருக்கு அந்தக் கால் ஏற்கெனவே காலி" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்காமல் விவரம் கேட்டாள். பிறகு, "காலியா இல்லையேக்கா. அவரு பாரத்த அதுலதானே வைக்கிறாரு" என்றாள். வகுப்பு முடிந்தும் அரை மணி நேரம் இருந்து, ஆளைத் தாங்கி எழுப்பும்போது என் பாரம் எங்கே இருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்தாள். ஆமை என்றதற்கு வெட்கமாகிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் வேலைக்குப் போகுமுன் கட்டிலுக்கு எதிரே பயிற்சி. வாய்விட்டுச் சொன்னால்தான் எனக்கு மண்டையில் ஏறும். "இடது கால் காலி. வலது கால்ல நில்லு. அவசரப்படாத." அவர் படுத்தபடியே பார்ப்பார். "பழுதான லிப்டே உன்னவிட வேகமாப் போகும்" என்று கிண்டல் வேறு. அவர் வாயில் கிண்டல் திரும்பியதே எனக்குப் பெரிய வரமாக இருந்தது.

நான்காவது மாதம் ஒரு காலை. அவரை எழுப்பி நிறுத்திவிட்டேன். சக்கர நாற்காலிக்குப் பிரேக் போட மறந்திருந்தேன், அது நகர்ந்துவிட்டது. காலால் இழுக்கப் போனேன், செருப்பு வழுக்கியது. அவ்வளவுதான், இவரை என்னிடமிருந்து பிரித்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

சாய்ந்தது நான் மட்டும்தான். அவர் வலது காலில் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். வலது கை என் தோளை இறுகப் பிடித்திருந்தது.

"நாலு மாசமா நீ கத்துறதக் கேட்டுக் கேட்டு நானும் படுத்துக்கிட்டே வலது கால அழுத்திப் பழகினேன்" என்றார், மூச்சு வாங்க.

"வாயத் திறந்து சொல்லியிருக்கலாம்ல!"

"விழாம நின்னுட்டுச் சொல்லலாம்னு இருந்தேன்."

இவரோடு சேர்ந்து நிற்கத்தான் இத்தனை ஞாயிறும் போயிருக்கிறேன் என்று அப்போது புரிந்தது. மருந்துக்கடைக்காரி நன்றாக இருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தினேன். அவரை உட்காரவைத்துவிட்டு மகளுக்குப் போன் செய்தேன். வழுக்கியதையும் மறைக்கவில்லை.

"ஐயோ! அப்பாவப் பிடிச்சுட்டியா?"

"இல்லடி. அப்பா என்னப் பிடிச்சாரு."



"அப்பாகிட்ட குடு" என்றாள்.