மூன்று மாதத்துப் பூஜ்யங்கள்

மெரின் டாஸ்கர் அந்தப் பட்டியலை மூன்றாம் முறை சரிபார்த்தபோது மணி பதினொன்றே கால். இரண்டு மணிக்குக் கூட்டம். வடக்கு வளைகுடா நர்ஸ் சேவை அடுத்த ஆண்டு எந்த ஊரில் வாரத்துக்கு எத்தனை நாள் நர்ஸை வைக்கும் என்பது அதில் முடிவாகும். மொத்தம் பதினான்கு ஊர்கள். பட்டியலின் அடியில் ஹாலரன் கிராசிங். இப்போது அங்கே ஐந்து நாள். மெரினின் கணக்குப்படி இரண்டு நாள் போதும்.

அந்தப் 'போதும்'தான் காலையிலிருந்து அவளை உறுத்திக்கொண்டிருந்தது.

ஊர்க்காரர்களுக்கு ஆகும் மருத்துவச் செலவை வைத்துத்தான் நர்ஸ் நாட்களைப் பங்கிடுவார்கள். அந்தச் செலவுக் கணக்கில் பூஜ்யங்களுக்குப் பஞ்சமில்லை. ஓர் ஆளுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு வரி என்று எழுதினால், நூறு வரிகளில் எழுபதில் செலவே இருக்காது. மீதியில் பலர் மாத்திரை வாங்கியிருப்பார்கள், ஒருவரை மட்டும் விமானத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்பார்கள். எல்லாவற்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் அது ஒருவருக்கும் பொருந்தாது. அதனால் மெரின் கணக்கை இரண்டாகப் பிரித்திருந்தாள். ஒருவருக்குச் செலவு வருமா, வராதா என்பது முதல் பாதி. வந்தால் எவ்வளவு என்பது இரண்டாம் பாதி. ஹாலரன் இரண்டாம் பாதியில் மற்ற ஊர்களைப் போலத்தான் இருந்தது. முதல் பாதியில் படுத்துவிட்டது.

ஏன் என்று பார்க்க, ஆண்டுக் கணக்கைக் காலாண்டு காலாண்டாக உடைத்தாள். ஜனவரி முதல் மார்ச் வரை, அந்தப் பக்கத்து மழைக்காலத்தில், நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்குக்கூடச் செலவில்லை. முந்தைய ஆண்டும் அப்படியே. அதற்கு முந்தைய ஆண்டும்.

பிரிவுத் தலைவர் லயல் ப்ரூவெட் தன் மேஜையில் இறைச்சி அடைத்த பேஸ்ட்ரி தின்றுகொண்டிருந்தார்.

"லயல், ஹாலரன்ல மழைக்காலத்துல யாருக்குமே உடம்புக்கு வர்றதில்லையாம். மூணு வருஷமா."

"நல்ல ஊரா இருக்கே. ரிட்டயர் ஆனதும் அங்கேயே போயிடறேன்."

"விளையாடாதீங்க."

"நேத்து வரைக்கும் சரின்னுதானே சொன்னே? பட்டியல் டைரக்டர் கைக்குப் போயாச்சு, மெரின்."

"கிளினிக்குக்கு ஒரு போன் மட்டும் பண்ணிப் பாக்கறேன்."

"பண்ணு. ஆனா ஜூன்ல உன் கான்ட்ராக்ட் முடியுது. கடைசி நிமிஷத்துல கை நடுங்கற ஆளுன்னு உன் ரிப்போர்ட்ல என்னை எழுத வைக்காதே."

அதில் பாதி உண்மை என்று அவளுக்கே தோன்றியது. இருந்தாலும் எண்ணை அழுத்தினாள்.

"ஹாலரன் கிளினிக், நர்ஸ் டெல்மா. ரத்தம் கொட்டுதா? மூச்சு வாங்குதா? ரெண்டும் இல்லேன்னா கொஞ்சம் இரு." நான்கு நிமிடம் கழித்து அதே குரல் வந்தது. "ம், சொல்லு கண்ணு."

"நான் தலைமை அலுவலகத்துலேர்ந்து பேசறேன். ஜனவரியில கிளினிக்கை மூடிடுவீங்களா?"

"எந்த மடையன் சொன்னான்? மழையில ஆத்துத் தண்ணி ரோட்டை முழுங்கினதும் இன்டர்நெட் செத்துடும். அப்போதான் கால் புண்ணு, காதுல சீழு, பிரசவம்னு எல்லாம் வரிசையா வரும். காகிதத்துல எழுதி வச்சு, ரோடு திறந்ததும் அட்டைப்பெட்டியில அனுப்பறேன்."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்! இந்த வருஷம் மட்டும் அறுநூத்திச் சொச்சம் தாளு. ஒருத்தராவது திறந்தீங்களா?" குரல் தணிந்தது. "ஏன் கேக்கறே? நாளைக் குறைக்கப் போறீங்களா?"

மெரினின் பார்வை பட்டியலின் கடைசி வரிக்குப் போனது.

"நான் கேட்டது காதுல விழுந்துதா, கண்ணு?"

"திரும்பக் கூப்பிடறேன்."

அலுவலகத்துக்கு முதலில் வந்த கோப்பைத் திறந்தாள். அந்த மாதங்களில் பூஜ்யம் இல்லை. கட்டங்கள் காலியாக இருந்தன. காலிக் கட்டம் என்றால் தகவல் வரவில்லை என்று பொருள், செலவில்லை என்று அல்ல. பிறகு கணக்குப் போடும் தன் கணினி நிரலைத் திறந்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். நாற்பத்தோராம் வரி: காலியானவற்றைப் பூஜ்யமாக்கு. பிப்ரவரியில் எழுதியது. காலி இருந்தால் கணக்கு ஓடாமல் நின்றுவிடுகிறது என்று அப்போதைக்குப் போட்டது. பக்கத்தில் அவளே எழுதிய குறிப்பும் இருந்தது: 'பிறகு பார்க்க வேண்டும்.' அந்த வரியை வேறு யாரும் படித்ததில்லை, படிக்கப் போவதும் இல்லை.

ஹாலரனின் அந்த மாதங்களை விலக்கிவிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினாள். ஹாலரன் மேலே ஏறியது. ஆனால் பதினான்கு ஊர்களுக்குமான மொத்த நாட்கள் மாறாது. ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியாக வேண்டும். இப்போது அடியில் டில்லட் போர் என்ற ஊர் வந்து நின்றது. அங்கேயும் காலிக் கட்டங்கள். இன்னும் மூன்று ஊர்களிலும்.

லயல் அவள் திரையைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஒரு அடிக்குறிப்பு போட்டுடு."

"அடிக்குறிப்பை யாரு படிப்பா?"

"யாரும் படிக்க மாட்டாங்க. அதுக்குத்தானே அது."

கூட்டத்தில் இயக்குநர் கார்மெல் ஓட்வே விரலை ஒவ்வொரு ஊராக நகர்த்திக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. "ஹாலரன், ரெண்டு நாள். யாருக்காவது சொல்ல ஏதாவது இருக்கா?"

"இல்லை," என்றார் லயல்.

"இருக்கு," என்றாள் மெரின். "அது தப்பு. மழைக்காலத்துல அங்கேர்ந்து தகவல் வர்றதில்லை. காலியா இருந்த இடத்துல பூஜ்யம் போட்டது நான்தான்."

அறையில் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள்.

"சரி," என்றார் கார்மெல். "அப்போ எந்த ஊர்ல குறைக்கறது?"

"தெரியாது."

"தெரியாதா? அதுக்குத்தானே உனக்குச் சம்பளம்?"

"இன்னும் நாலு ஊர்லயும் இதே காலி இருக்கு. அவங்க அனுப்பின காகிதமெல்லாம் பெட்டியோட கிடக்கு. அதை கம்ப்யூட்டர்ல ஏத்தாம எந்த ஊர் பேரைச் சொன்னாலும் அது ஊகம்தான். மூணு வாரம் குடுங்க."

கார்மெல் பட்டியலின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு இழுத்தார். "மூணு வாரம். அதுவரைக்கும் எல்லா ஊருக்கும் பழைய நாள்தான். லயல், இது உங்க கையெழுத்தோட என்கிட்ட வந்தது."

லயலின் காதுமடல் சிவந்தது. வெளியே தாழ்வாரத்தில் அவர் நிற்காமலே சொன்னார்: "ஜூனைப் பத்தி நாம பேசணும்."

"தெரியும்."

"தெரிஞ்சே பண்ணியிருக்கே."

சரியாகச் செய்தோமா, பதறிச் செய்தோமா என்று மெரினுக்கு இன்னும் பிடிபடவில்லை. இடத்துக்கு வந்து டெல்மாவைக் கூப்பிட்டாள்.

"நாள் குறையலை. இப்போதைக்கு."

"இப்போதைக்குன்னா?"

"மூணு வாரம். உங்க தாளையெல்லாம் நானே உக்காந்து ஏத்தப் போறேன். அப்புறம் கணக்கு என்ன சொல்லுதோ அதுதான். குறைக்கச் சொன்னாலும் சொல்லும்."

மறுமுனையில் ஒரு குழந்தை வீறிட்டது. டெல்மா அதை அதட்டிவிட்டு வந்தார்.

"சொல்லட்டும். இந்தத் தடவையாவது எங்களைப் பாத்துட்டுச் சொல்லட்டும். அடுத்த ஆளு காத்திருக்கு, வைக்கறேன்."